ஒரு சொல்லையும் விழுங்காதவன்

எழுதிக்கொள்ளுங்கள், அம்மணி. பெயர் கு. சென்னியப்பன். தந்தை குப்பணன், காலஞ்சென்றவர். அகவை எழுபத்தொன்று நிறைந்து, சென்ற கார்த்திகை முதல் எழுபத்திரண்டு நடக்கிறது. கல்வி, ஐந்தாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்புக்காரன் இப்படிப் பேசுகிறானே என்றுதானே நிமிர்ந்து பார்த்தீர்கள்? அச்சில் வந்த தமிழைப் படித்துப் படித்து, அதையே பேசவும் பழகிக்கொண்டவன் நான். திருப்பூரில் இதற்காக என்னைக் கேலி செய்யாதவர் குறைவு.

தாய்மொழி தமிழ். அறிந்த பிற மொழிகள் என்ற இடத்தில் இரண்டு மட்டுமே எழுதலாம் என்கிறீர்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விதி, உங்கள் குற்றமில்லை. தெலுங்கு, கன்னடம் என்று எழுதிக்கொள்ளுங்கள். மலையாளம், இந்தி, உருது, வங்காளம் நான்கும் வெளியே நிற்கட்டும். நெடுநாள் பழகியவை, கோபித்துக்கொள்ள மாட்டா.

என்ன சொன்னார்கள் பக்கத்து வீட்டில்? ஒரியாப் பெண்களோடு ஒரியாவிலேயே பேசுகிற பெரியவர் என்றா?

ஒடியா என்று சொல்ல வேண்டும். அதை எழுதக்கூடாது. உங்கள் படிவத்தில் எட்டு மொழிக்கு இடம் இருந்தாலும் எழுதக்கூடாது. ஏன் என்று கேட்கிறீர்கள். கேட்டவர் நீங்கள் ஒருவர்தாம். பேனாவை மூடி வையுங்கள், சொல்கிறேன். ஆறு மாதமாக இந்தத் தெருவே ஒரு தரப்புக் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

"டீச்சர், காப்பி ஆறுதுங்க. மாமா ஆரம்பிச்சா லேசுல முடியாதுங்க" என்கிறாள் பாருங்கள், என் மருமகள் கலாமணி. அவள் சொல்வது உண்மை. காப்பியைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

இருபத்தோராம் வயதில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங்கில் சேர்ந்தேன். கோணிப்பையால் கட்டிய சரக்கு மூட்டைகள்மேல் மையும் தூரிகையும் கொண்டு முகவரி எழுதுவது என் வேலை. கல்கத்தா வியாபாரிகள் தங்கள் எழுத்திலேயே சீட்டு அனுப்புவார்கள். அதைப் பார்த்து அப்படியே வரைய வேண்டும். மூன்றாண்டுக் காலம் வரைந்தேன். எழுதத் தெரிந்தது, படிக்கத் தெரியவில்லை. ஒருநாள் கல்கத்தாவிலிருந்து ஒரு வியாபாரி நேரில் வந்தார். கிடங்கில் நின்று, நான் வரைந்ததை விரலால் தடவி, உரக்கப் படித்தார். படித்துவிட்டு, தம் மார்பைத் தொட்டுக் காட்டினார். அம்மணி, நான் மூன்றாண்டாக வரைந்துகொண்டிருந்தது அந்த மனிதரின் பெயர். அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே போனேன். ஏன் இத்தனை மொழி என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விடை இதுதான். கூலிக்காக இல்லை, உத்தியோகத்துக்காக இல்லை. அறுபத்தைந்தாம் ஆண்டில், இந்தி படிப்பதைக் கண்டால் உதைப்பார்கள் என்ற காலத்தில், புத்தகத்துக்குப் பஞ்சாங்க அட்டை போட்டுப் படித்தேன். அதனால் எனக்கு ஒரு காசு பயனில்லை.

ஒரு மொழி புரியத் தொடங்கும் நேரத்தை நீங்கள் அனுபவித்ததுண்டா? முதலில் அது தகரக் கூரைமேல் பெய்யும் மழை. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரியாது. பிறகு ஒருநாள், திருவிழாக் கூட்டத்தில் தெரிந்தவர் முகம் தட்டுப்படுவதுபோல, ஒரு சொல் தட்டுப்படும். மறுநாள் இன்னொன்று. அப்புறம் பேசுகிறவர் அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்பது அவர் சொல்வதற்கு முன்பே நமக்குத் தெரியும். அந்தச் சுகத்துக்கு ஈடாக எதைச் சொல்வது? எந்த மொழியிலும் நான் முதலில் கேட்டுக் கற்பது ஒரே வாக்கியம்: 'சிரிக்காமல் திருத்துங்கள்.' அதைச் சொன்னதும் எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுத் திருத்துவார்கள்.

என் முறை ஒன்று உண்டு. அதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பழி அதன்மேல்தான் விழுந்தது. மொழிக்கு ஒரு குறிப்பேடு. அன்றாடம் கேட்ட வாக்கியங்களை அதில் எழுதுவேன். நாள், சொன்னவர் பெயர், அவர் வாய்ச்சொல், அதற்குக் கீழே தமிழில் பொருள். ஒன்றைக் கூட்டமாட்டேன், ஒன்றைக் குறைக்கமாட்டேன். வசவையும் எழுதுவேன். மொழியைக் கற்பவன் தனக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்கினால் அது கற்றல் ஆகாது.

தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே ஒரு பனியன் கம்பெனி இருக்கிறது. பெயர் வேண்டாம். இரண்டாண்டுக்கு முன் அங்கே ஒடிசாவிலிருந்து பெண்களைக் கொண்டுவந்து, கம்பெனி விடுதியில் தங்கவைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை வெளியே விடுவார்கள். அந்த இரண்டு மணி நேரமும் அவர்கள் ஜைத்தூனின் மளிகைக் கடைமுன் நிற்பார்கள். ஜைத்தூன் ஊருக்குப் பேச எஸ்.டி.டி. போன் வைத்திருந்தாள். அங்கேதான் மினதியைப் பார்த்தேன். மினதி நாயக். வயது இருபத்துமூன்று, ஓவர்லாக் மெஷினில் துணி ஓரம் தைப்பவள், பலாங்கீர் பக்கத்துக்காரி. அறுபத்தொன்பதாம் வயதில் எனக்கு வாய்த்த ஆசிரியை.

என்னை 'அஜா' என்று கூப்பிட்டாள். அவர்கள் மொழியில் தாய்வழித் தாத்தா. நான் கேட்ட வாக்கியத்தைச் சலிக்காமல் பத்து முறை சொல்வாள். சோப்பு அட்டையின் பின்புறத்தில் எழுதிக் காட்டுவாள். ஒடியா எழுத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொன்றும் தலைக்குமேல் குடை பிடித்திருக்கும். குடைக்கு அடியில் முகத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நான் முதலில் எழுதப் பழகியது அவள் பெயர். மூன்றாம் வாரம் பிழையில்லாமல் எழுதியபோது, கூட நின்ற பெண்கள் கைதட்டினார்கள். அவர்களில் குனி என்று ஒருத்தி, எல்லாரிலும் சிறியவள், "அஜாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம்" என்றாள். ஜைத்தூன் கல்லாவிலிருந்து, "சேர்த்தா வாத்தியாரு ஓடிருவாரு" என்றாள். என் வாழ்வின் நல்ல ஞாயிறுகள் அவை.

இது கம்பெனி மேலாளர் தங்கமுத்துவின் காதுக்கு எட்டியது. ஆள் அனுப்பி அழைத்தார். எழுந்து நின்று வரவேற்றார். "ஏனுங்க ஐயா, இப்படி ஒரு படிச்ச மனுசன் நம்ம ஏரியாவுல இருக்கறது எங்களுக்குத் தெரியாமப் போச்சுங்களே" என்றார். படிச்ச மனுசன். ஐம்பதாண்டு பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்தவனை எந்தக் கம்பெனியும் அப்படிச் சொன்னதில்லை. ஆயுத பூஜையன்று பொன்னாடை போர்த்தினார்கள். 'மொழி ஆலோசகர்' என்று அச்சிட்ட அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். சம்பளம் பேசினார்கள், நான் மறுத்துவிட்டேன். மொழியை விற்பவன் இல்லை நான். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டதற்கு, "ஒண்ணும் வேண்டாமுங்க. வழக்கம்போல அந்தப் புள்ளைகளோட பேசிட்டு இருங்க. அவங்களுக்கு என்ன குறைன்னு எங்களுக்கும் தெரியோணுமல்லங்க?" என்றார். நியாயமான பேச்சு.

குறிப்பேட்டை நானாகத்தான் காட்டினேன். யாரும் பிடுங்கவில்லை. அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பெயர்களை ஒடியா எழுத்தில் எழுதி, பக்கத்தில் சிறிதாகத் தமிழிலும் எழுதியிருந்தேன். "பிரமாதமுங்க" என்றார். அன்று முதல் ஞாயிறு மாலைதோறும் குறிப்பேட்டை வாங்கி, ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திருப்பித் தருவார். பைலில் கோப்பார்கள். அம்மணி, ஐந்தாம் வகுப்புப் படித்தவனின் கையெழுத்தை ஒரு நிறுவனம் ஜெராக்ஸ் எடுத்துப் பைலில் வைக்கிறது. உங்களுக்கு அது சாதாரணமாக இருக்கலாம்.

சோறு புளித்திருக்கிறது என்று சொன்ன ஒரு பெண் அடுத்த வாரம் வேறு யூனிட்டுக்கு மாற்றப்பட்டாள். வார்டன் இல்லாதபோது செல்போனில் பேசுகிறேன் என்று சொன்னவளின் போன் வாங்கி வைக்கப்பட்டது. கம்பெனி என்றால் மாற்றங்கள் இருக்கும். எதற்கும் எதற்கும் முடிச்சுப் போடுவது? ஜைத்தூன் போட்டாள். "அண்ணா, உங்ககிட்டப் பேசற புள்ளைக்குத்தான் எல்லாம் ஆகுது, கவனிச்சீங்களா?" என்றாள். அவள் வியாபாரி. கணக்குப் பார்க்கிற புத்தி. நான் சிரித்துவிட்டேன்.

சென்ற ஆகஸ்டு இருபத்திரண்டாம் தேதி, ஞாயிறு. குனி வரவில்லை. மற்றவர்கள் வந்திருந்தார்கள், ஆனால் போனுக்குப் போகாமல் சுவரோரம் கூடி நின்று பேசினார்கள். நான் போய் நின்றதும் மினதி இடம் விட்டாள். குனியின் கட்டைவிரலில் மெஷின் ஊசி ஏறி உள்ளேயே முறிந்துவிட்டது, வார்டன் மருந்து தடவிக் கட்டுப் போட்டுவிட்டாள், நான்கு நாளாகிறது, கை முழங்கைவரை வீங்கிவிட்டது, காய்ச்சல். மருத்துவமனைக்கு அனுப்பினால் விபத்து என்று எழுத வேண்டும் என்பதால் அனுப்பவில்லை. மினதி மெதுவான குரலில் சொன்னாள்: "நாளைக் காலை எல்லாரும் மெஷினில் உட்காருவோம். கையைக் கட்டிக்கொள்வோம். குனியை அனுப்பும்வரை ஒரு தையல்கூடப் போடமாட்டோம்."

எவ்வளவு அழகான வாக்கியம். 'ஒரு தையல்கூட' என்பதை அவர்கள் சொல்லும் விதத்தை நான் அதுவரை கேட்டதில்லை. அங்கேயே நின்று எழுதிக்கொண்டேன். மினதி காத்திருந்து, மீண்டும் ஒருமுறை சொன்னாள், நான் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும் என்பதற்காக.

மாலையில் வழக்கம்போல் ஜெராக்ஸ் எடுத்தார்கள்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு என்னை அழைத்துப்போக டிவிஎஸ் வண்டி வந்தது. மேலாளர் அறையில் தங்கமுத்து, வார்டன் அம்மாள், மினதி. மற்ற பெண்களை அதற்குள் மூன்று யூனிட்டுக்கும் பிரித்து அனுப்பிவிட்டிருந்தார்கள். மினதி நின்றுகொண்டிருந்தாள். எனக்கு நாற்காலி போட்டார்கள். அவளையும் உட்காரச் சொல்லியிருக்கலாமே என்று ஜைத்தூன் பிற்பாடு கேட்டாள். மொழிபெயர்க்க வந்தவன் அறையின் ஒழுங்கை மாற்றக்கூடாது.

"யாரு தூண்டிவிட்டாங்கன்னு கேளுங்க ஐயா."

கேட்டேன். "யாரும் தூண்டவில்லை. குனியின் விரலுக்குள் ஊசித் துண்டு இருக்கிறது. அனுப்புங்கள். அனுப்பியதும் தைக்கிறோம்" என்றாள்.

"வியாழக்கெழமை ஷிப்மென்ட் போகோணும். வெள்ளிக்கெழமை நானே கார்ல கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுங்க."

சொன்னேன். "வெள்ளிக்கிழமைவரை அந்தக் கை இருக்குமா என்று கேளுங்கள்."

கேட்டேன். அவருக்கு ஒரு போன் வந்தது. சன்னல் பக்கம் திரும்பிப் பேசத் தொடங்கினார். அப்போது மினதி என் நாற்காலி அருகே வந்து, உதடு அசைவது தெரியாமல் வேகமாகச் சொன்னாள்: "அஜா, இதை அவரிடம் சொல்லாதீர்கள். நாங்கள் ஒரு மனு எழுதியிருக்கிறோம். குனியின் அவல் டப்பாவுக்குள் இருக்கிறது. எங்களை இனி வெளியே விடமாட்டார்கள். உங்களை மட்டும்தான் கேட்டில் சோதிக்க மாட்டார்கள். எடுத்துப்போய் லேபர் ஆபீசில் கொடுத்துவிடுங்கள்."

தங்கமுத்து போனை வைத்தார். திரும்பினார். "என்னமோ சொன்னாளே, என்னங்க ஐயா?"

அம்மணி, தலைக்குமேல் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அது நாலைந்து சுற்றுச் சுற்றியிருக்கும், அவ்வளவு நேரம்தான். 'ஒன்றுமில்லை' என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் நாக்கின் நுனிவரை வந்தது, மறைக்கமாட்டேன். ஆனால் நினைத்துப் பாருங்கள். ஐம்பதாண்டில் ஒருமுறைகூட நான் ஒருவர் வாய்ச்சொல்லை இன்னொருவருக்குப் பொய்யாகப் பெயர்த்ததில்லை. வங்காளி வியாபாரியின் கோபத்தையும் முதலாளியின் கிண்டலையும் அப்படி அப்படியே சொன்னவன். அந்த நம்பிக்கையால்தான் எனக்கு நாற்காலி போட்டார்கள். ஒரு சொல்லை விழுங்கினால் மறுசொல்லை யார் நம்புவார்கள்?

சொன்னேன். முழுவதும் சொன்னேன். 'இதை அவரிடம் சொல்லாதீர்கள்' என்பதிலிருந்து தொடங்கிச் சொன்னேன்.

நான் முடிப்பதற்கு முன்பே மினதியின் முகம் வெளுத்தது. தமிழ் அறியாதவள் எப்படி அறிந்தாள் என்று அந்த நிலையிலும் எனக்கு வியப்பாக இருந்தது. தங்கமுத்து உரக்கச் சிரித்தார். "சொல்லாதீங்கன்னு சொன்னதையுமா சொல்றீங்க? ஐயா, உங்களாட்ட ஆளு கெடைக்காதுங்க." வார்டன் அம்மாள் எழுந்து விடுதிக்குப் போனாள். தங்கமுத்து மேசைமேல் பைலைத் திறந்து வைத்தார். நேற்றைய ஜெராக்ஸ். மினதி குனிந்து பார்த்தாள். தமிழ் வரிகளுக்கு நடுவே அவள் பெயர் ஒடியாவில் இருந்தது, என் கையெழுத்தில், பிழையில்லாமல். அவள் அந்தப் பெயரைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

மனு வந்தது. பள்ளிக்கூட நோட்டுத் தாள், நான்காக மடித்தது, அவல் உமி ஒட்டிக்கொண்டிருந்தது. "படிங்க ஐயா" என்றார். படித்தேன். நெடுநாளாக நான் எதிர்பார்த்த வாய்ப்பு, ஒடியாவில் ஒரு முழுப்பக்க உரைநடை. மினதியின் கையெழுத்து நல்ல கையெழுத்து. குனியின் விரல், கட்டுப்போட்ட நாள், காய்ச்சல், புளித்த சோறு, பதினோரு பெயர்கள். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசிக்கு முன்வரியில், 'ஞாயிற்றுக்கிழமை எங்களிடம் வரும் பெரியவருக்கு எங்கள் மொழி தெரியும். நாங்கள் சொல்வது உண்மையா என்று அவரைக் கேளுங்கள், அவர் எங்களுக்காகப் பேசுவார்' என்று எழுதியிருந்தது.

அதையும் சொன்னேன். அதே குரலில் சொன்னேன். குரலை மாற்றுவதும் ஒருவகையில் கூட்டுவதுதான்.

தங்கமுத்து தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். என்னை டிவிஎஸ் வண்டியிலேயே வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். கலாமணி ரசம் வைத்திருந்தாள். சாப்பிட்டேன்.

அன்று பிற்பகல் மூன்று மணி இருக்கும். விடுதிச் சன்னல்களில் சாப்பாட்டுத் தட்டால் அடிக்கிற சத்தம் தண்ணீர்த் தொட்டிவரை கேட்டது. குனி விழுந்துவிட்டாள், மூச்சு இழுக்கிறது என்று, காய்ச்சலில் படுத்திருந்த வேறு இரண்டு பெண்கள் அடித்த அடி. ஜைத்தூன் 108-க்குப் போன் செய்து, ஆம்புலன்ஸ் வந்ததும் அதற்கு முன்னால் போய்க் கேட்டைத் திறக்கவைத்தாள். அதன்பின் லேபர் ஆபீசுக்கும் அவளே போன் செய்தாள். குனி பிழைத்தாள். கட்டைவிரலின் மேற்கணுவை எடுக்க வேண்டியதாயிற்று. காலையிலேயே கொண்டுவந்திருந்தால் விரல் முழுதும் தங்கியிருக்கும் என்று மருத்துவர் சொன்னதாக ஜைத்தூன் சொன்னாள். அவள் சொன்னதாகத்தான் சொல்கிறேன். மருத்துவரை நான் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் கடைக்குப் போனேன். தீப்பெட்டி வாங்கத்தான்.

"என்ன அண்ணா, இன்னிக்கு நோட்டு கொண்டு வரலியா?"

"நான் என்ன குற்றம் செய்தேன், ஜைத்தூன்? அவள் சொன்னதைச் சொன்னேன். ஒரு சொல் கூட்டினேனா?"

"எட்டுப் பாஷை பேசற வாயி. ஒரு பாஷையிலயாச்சும் மூடிட்டு இருக்கத் தெரியலையே அண்ணா. இந்தாங்க தீப்பெட்டி."

படிக்காதவள் பேச்சு என்று வந்துவிட்டேன். ஆனால் அந்த வாரம் முழுவதும் அந்தப் பேச்சுக்கு மறுமொழி தயாரித்துக்கொண்டே இருந்தேன். ஏழு மொழியில் தயாரித்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை.

வெள்ளிக்கிழமை விசாரணை. தொழிலாளர் துறையிலிருந்து ஓர் ஆய்வாளர் அம்மையார் வந்தார். ஒடியா தெரிந்தவர் வேண்டும் என்று அவர் கேட்டிருக்கிறார். மாவட்டத்தில் வேறு யாரும் அகப்படவில்லை. கம்பெனி என் பெயரைக் கொடுத்தது. எனக்கு மகிழ்ச்சி என்று சொன்னால் நீங்கள் தவறாக நினைப்பீர்கள். மகிழ்ச்சிதான். மனுவில் எழுதியிருந்தார்கள் அல்லவா, அவரைக் கேளுங்கள் என்று? கேட்கட்டும். அன்று மேலாளர் முன்னால் எப்படி எதையும் மறைக்கவில்லையோ, அப்படியே அதிகாரி முன்னாலும் மறைக்கமாட்டேன். நான் இரண்டு பக்கத்துக்கும் ஒரே தராசு என்பதை அந்தப் பெண்கள் அன்று கண்டுகொள்வார்கள். குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, கழுத்து அட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போனேன். அதையும் யாரும் கவனிக்கவில்லை.

விடுதிச் சாப்பாட்டுக் கூடம். குனி மருத்துவமனையில் இருந்தாள், மற்றப் பத்துப் பேரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனிக்காரர்களை ஆய்வாளர் வெளியே அனுப்பிவிட்டார். "ஐயா, பயப்படாம எல்லாத்தையும் சொல்லச் சொல்லுங்க" என்றார்.

நான் எழுந்து நின்று ஒடியாவில் சொன்னேன். நல்ல ஒடியா. மூன்று நாள் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள். 'சகோதரிகளே, உங்கள் ஒவ்வொரு சொல்லும் அப்படியே போய்ச் சேரும்' என்று முடித்தேன்.

யாரும் வாய் திறக்கவில்லை.

மீண்டும் சொன்னேன். பத்துப் பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முறைக்கவும் இல்லை, அழவும் இல்லை. பக்கத்து மெஷின் ஹாலின் இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒருவேளை என் உச்சரிப்போ என்று, இந்தியில் சொன்னேன். வங்காளத்தில் சொன்னேன். ஐம்பதாண்டில் எந்த மொழியிலும் நான் பேசி, எதிரே ஒருவர் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. தப்பாகப் பேசினாலும் சிரிக்கவாவது செய்வார்கள்.

"என்ன ஐயா, புரியலையா அவங்களுக்கு?" என்றார் ஆய்வாளர்.

"புரிகிறது" என்றேன்.

அப்போது மினதி எழுந்தாள். ஆய்வாளரைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். "மேடம். இந்த ஐயா வெளிய போகணும். போனா நான் பேசறேன்."

ஆய்வாளர் திகைத்தார். "உனக்குத் தமிழ் வருமா?"

"கொஞ்சம் வரும். தப்பு தப்பா வரும்."

"பெரியவர் இருந்தா என்னம்மா? அவரு உதவிக்குத்தானே வந்திருக்காரு?"

"அவர் நல்லவர் மேடம். ஆனா எல்லாம் சொல்லிடுவார். சொல்லாதே சொன்னாலும் சொல்லிடுவார். சொல்லாதே சொன்னது, அதுவும் சொல்லிடுவார்."

அவளுக்குத் தமிழ் எப்போது வந்தது, யார் கற்றுக்கொடுத்தார்கள், எந்த ஞாயிற்றுக்கிழமை எந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள், இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒன்றரை ஆண்டில் நான் அவளிடம் ஆயிரத்து நானூறு வாக்கியம் கேட்டு எழுதியிருக்கிறேன். ஒரு தமிழ்ச் சொல்லை அவளுக்கு நான் சொல்லித்தந்ததில்லை. அவளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், அம்மணி.

ஆய்வாளர் என்னைப் பார்த்தார். மிக மரியாதையாகத்தான் சொன்னார். "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. கொஞ்சம் வெளிய இருங்க."

வெளியே வந்தேன். கதவைச் சாத்தினார்கள். படிக்கட்டில் பத்துச் செருப்புச் சோடிகள் கிடந்தன. அவற்றின் நடுவே இடம் பார்த்து உட்கார்ந்தேன். உள்ளே அவள் பேசுவது கேட்டது. வேற்றுமை உருபே இல்லை. கை பெரிசு ஆச்சு, ஊசி உள்ள நிக்குது, நாங்க சொன்னது, அவங்க அனுப்பலை, என்று கல்லை அடுக்குவதுபோல் ஒவ்வொரு சொல்லாக வைத்தாள். நடுவில் சொல் கிடைக்காமல் நிற்பாள். ஆய்வாளர் காத்திருப்பார். பிறகு வேறொரு பக்கமாக வந்து சொல்வாள். ஒரு மணி நேரம் பேசினாள். ஒரு முறைகூட உள்ளேயிருந்து யாரும் என்னைக் கூப்பிடவில்லை. ஆய்வாளருக்கு எல்லாம் புரிந்தது. எனக்கும் புரிந்தது.

கதவு திறந்தது. மினதிதான் முதலில் வந்தாள். நான் எழுந்து நின்று, ஒடியாவில், என்னால் இயன்ற அளவு மென்மையாகச் சொன்னேன்: "மினதி, நான் ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நீ சொன்னதைத்தான் சொன்னேன்."

அவள் கேட்டாள். கேட்டது கண்ணில் தெரிந்தது. ஒரு நொடி உதடுகூடப் பிரிந்தது. பிறகு தமிழில் சொன்னாள்.

"ஐயா, செருப்பு எடுக்கணும். கொஞ்சம் தள்ளுங்க."

தள்ளி நின்றேன். ஒடியா என் கணக்கிலிருந்து போனது விக்ருதி ஆண்டு, ஆவணித் திங்கள் பதினொன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, ஆங்கிலத்தில் இரண்டாயிரத்துப் பத்து ஆகஸ்டு இருபத்தேழு, பகல் பன்னிரண்டு மணி இருபது நிமிடம்.